நாற்பது தீக்குச்சிகளும் ஒரு ரெக்கார்டு பிளேயரும்

ஒரு பொருளின் அடுத்தடுத்த நிலைகளை வட்டமாக அடுக்கிச் சுழலவிட்டு, ஒவ்வொரு நிலையும் கண நேரம் மட்டும் கண்ணில் படும்படி செய்தால், அந்தப் பொருளே அசைவதாக நமக்குத் தோன்றும். இங்கிலாந்தின் கணித அறிஞர் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1834-இல் விவரித்த ஜோயிட்ரோப் கருவியில், சுழலும் உருளையின் உட்புறம் படங்கள் இருக்கும். பக்கவாட்டிலுள்ள மெல்லிய பிளவுகள் வழியே அவற்றைப் பார்க்க வேண்டும். பறவைகளின் பறத்தலை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே, 1887-இல் படங்களுக்குப் பதிலாகக் கடற்பறவையின் சிறு சிற்பங்களையே வட்டமாக நிறுத்திச் சுழற்றினார். பொருள்களைக் கொண்டு செய்யும் அசைவூட்டத்தின் மீது எனக்குள்ள பிரியம் அவரிடமிருந்தே தொடங்குகிறது.

இன்று உருளையோ பிளவோ தேவையில்லை. ரெக்கார்டு பிளேயரும் கைப்பேசிக் கேமராவும் போதும். பிரிட்டிஷ் அசைவூட்டக் கலைஞர் ஜிம் லெ ஃபெவ்ர் இம்முறையை ஃபோனோட்ரோப் என்று அழைக்கிறார். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் தட்டு, ஒரு விநாடியில் முக்கால் சுற்றுச் சுற்றும். அதே விநாடியில் கேமரா 30 ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, எடுப்பதால், ஒரு முழுச் சுற்றுக்கு 40 ஃபிரேம்கள் கிடைக்கின்றன. ஆகவே தட்டின் விளிம்பில் 40 பொருள்களைச் சம இடைவெளியில் வைத்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் முந்தைய பொருள் இருந்த இடத்தில் அடுத்தது வந்து அமர்ந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். இல்லையேல் எல்லாம் கலங்கிய வளையமாகிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்துக்கு வீட்டு விளக்கின் வெளிச்சம் போதாது, மொட்டை மாடி வெயிலே சரி.

நான் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது தீக்குச்சி வட்டம். குச்சிகளைக் கொளுத்தி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கட்டத்தில் ஊதி அணைத்தேன். முதல் குச்சியில் மருந்து மட்டும் கறுத்திருக்கும். அடுத்ததில் கருமை சற்றுக் கீழிறங்கும். பிறகு எரிந்த பகுதி மெல்லிதாகி ஒரு பக்கமாக வளையும். கடைசிக் குச்சி கொக்கிபோல் சுருண்டு நிற்கும். இப்படிப் பத்துக் கட்டங்கள், நான்கு முறை. தட்டு சுழலும்போது எல்லாக் குச்சிகளும் நெருப்பே இல்லாமல் எரிந்து, வளைந்து, மறுகணம் புதிதாக நிமிர்கின்றன. ஒரு சுழற்சிக்கு மூன்றில் ஒரு விநாடிதான் ஆகிறது.

பொருளுக்கு இயல்பாகவே உள்ள மாற்றத்தைப் பயன்படுத்தும்போதுதான் இந்தக் கலை முழுமையடைகிறது என்பது என் கருத்து. பட்டன்கள் மீது முகங்களை வரைந்து சுழற்றுவதும் அழகுதான். ஆனால் அங்கே அசைவது வரைபடம், பட்டன் வெறும் தாள். கரையும் சோப்பு, கடிக்கப்பட்ட பிஸ்கட், தேயும் பென்சில் ஆகியவற்றுக்குத் தங்களுக்கென்று ஓர் அசைவு இருக்கிறது.

எதையும் மாற்றாமலும் அசைவை உண்டாக்கலாம். ஒரே அளவுள்ள கொண்டைக்கடலைகளை 40-க்குப் பதில் 41 வைத்தால், கேமராவின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கடலை சிறிது முந்திவிடும். விளைவாக, தட்டு நின்றுவிட்டதாகத் தோன்ற, கடலைகள் மட்டும் சுழலும் திசையில் மெல்ல ஊரும். 39 வைத்தால் பின்னோக்கி ஊரும். குழந்தைகளுக்குச் செய்து காட்ட இதைவிட எளியது இல்லை. ஒட்டுவதற்குச் சிறிது மாவுப் பசை போதும்.