இளைப்பு

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் ஒருவருக்கு "இளைக்கிறது" என்று சொன்னால், மூச்சு வாங்குகிறது என்றும் கொள்ளலாம், உடம்பு மெலிகிறது என்றும் கொள்ளலாம். மருத்துவமனையொன்றில் உணவு ஆலோசகராகச் சேர்ந்த புதிதில் மூச்சைப் பார்ப்பது மருத்துவரின் பொறுப்பு, மெலிவைப் பார்ப்பது என் பொறுப்பு என்று இரண்டையும் நான் பிரித்தே வைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர், இளமையில் சங்கு குளித்த, கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர்.

அவருக்கு நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகும் ஃபைப்ரோசிஸ் நோய். ஓராண்டில் எடை 52 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்திருந்தது. ஓட்ஸ், ஆப்பிள், புரத மாவு என்று அச்சடித்திருந்த தாளை அவரிடம் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாதம் 44 கிலோவோடு வந்தார். தாள் மடித்தது மடித்தபடி பைக்குள் இருந்தது. அவர் என்ன சாப்பிடுகிறார், எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்காமலே எழுதிக் கொடுத்தது என் பிழை. கொண்டுவந்திருந்த மதிய உணவை என் எதிரிலேயே சாப்பிடச் சொன்னேன்.

அவர் மனைவி தூக்குவாளியைத் திறந்தார். நீர்த்த கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். "மூச்சு முட்டுறவருக்கு லேசாத்தானே கொடுக்கணும், டாக்டரம்மா?" என்றார். பெரியவர் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு, பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினார். சோற்றின் முன் குழாயோடு உட்கார அவருக்கு மனமில்லை. நான்காவது வாயில் கிண்ணத்தை இறக்கி வைத்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டர் 92 இலிருந்து 85க்கு இறங்கியிருந்தது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நின்றாக வேண்டும். மூச்சடக்கிக் கடலடிவரை போய்வந்த மனிதருக்கு, ஒரு வாய்க் கஞ்சிக்காக நிற்கும் மூச்சே பாரமாகியிருந்தது.

இறுகிய நுரையீரலை விரிக்க மூச்சுத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. படுத்திருந்தாலும் அந்த உழைப்புக்கு ஓய்வில்லை. அதற்கு ஈடான உணவு உள்ளே போகாதபோது உடல் தன் தசையையே கரைக்கிறது, கரைவதில் மூச்சுத் தசையும் அடங்கும். கஞ்சித் தண்ணீரோ வயிற்றை நிரப்பி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையை மேலே தள்ளி, நுரையீரலுக்கு இருக்கும் இடத்தையும் குறைக்கிறது. அன்போடு கொடுக்கும் அந்த லேசான உணவே அவரை இரண்டு வகையிலும் இளைக்கச் செய்துகொண்டிருந்தது.

குழாயை மாட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும், மூன்று வேளையை ஆறாகப் பிரிக்க வேண்டும் என்று சொன்னேன். கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை. நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டில் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் கறியும் சேர்த்துக் காய்ச்சும் கெட்டிக் கஞ்சியை ஆண்டு முழுவதும் காய்ச்சச் சொன்னேன். அவர் மனைவியான அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. அது அவருக்குக் கைவந்த சமையல். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று கணக்கிட்டாலே பெரியவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் கிடைக்கும். மலிவாகக் கிடைக்கும் சூடை மீனிலும் காரல் மீனிலும் புரதம் நிறைய உண்டு, ஆனால் இருமல்காரருக்கு முள் அச்சம். அதனால் அவித்து, முள் ஆய்ந்து, கஞ்சியில் உதிர்த்துக் கலந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறியபோது முட்டையும் மசித்த கொண்டைக்கடலையும் கைகொடுத்தன. கணுக்காலில் வீக்கம் இருந்ததால் உப்பு மிகுந்த கருவாட்டுக்கு மட்டும் நான் இசையவில்லை. அந்த வீக்கம் எடையையும் கூட்டிக் காட்டும் என்பதால், அன்றிலிருந்து புஜத்தின் சுற்றளவையும் அளக்கத் தொடங்கினேன்.

தழும்பு பரவுவதை மெதுவாக்கும் பிர்ஃபெனிடோன் மாத்திரையை அவர் காலையில் வெறும் தேநீரோடு விழுங்கி, குமட்டலில் பாதி நாளைக் கழித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டின் நடுவே போடத் தொடங்கியதும் குமட்டல் தணிந்தது. அந்த மருந்து சாப்பிடுபவரின் தோலுக்கு வெயில் ஆகாது என்பதைக் கடற்கரையில் வாழும் ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

காசநோய் ஆறிய தழும்போடு வருபவர்களை நினைத்தால்தான் மனம் பொறுப்பதில்லை. நிக்‌ஷய் போஷண் என்ற அரசின் உணவு உதவித் திட்டத்தில் காசநோயாளிகளுக்கு 2024 நவம்பரிலிருந்து மாதந்தோறும் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்ததும் அதுவும் முடிகிறது, தழும்போ வாழ்நாள் முழுதும் உடன் வருகிறது. அவர்களுக்கும் உணவு உதவி தொடர வேண்டும்.

நான்கு மாதத்தில் பெரியவரின் எடை 46 கிலோவானது. நுரையீரல் மாறவில்லை, மாறும் என்று நான் சொல்லவும் இல்லை. கடைசியாக வந்தபோது அம்மா பேத்தியின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். முன்னதாகவே வீட்டில் அரைக் கிண்ணம் கஞ்சி கொடுத்து அழைத்துப் போனாராம். பந்தியில், பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனைச் சுற்றிப் பேரன்மார் உட்கார, பக்கத்தில் சிறிய சிலிண்டரை வைத்து, மூக்கில் குழாயோடு பெரியவரும் அதே தட்டில் கை வைத்தாராம்.