பாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு புரொப்பெல்லர்

படகைத் தள்ளும் புரொப்பெல்லர் தேடி எங்கள் வேலைத்தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஏற்கெனவே ஒரு புரொப்பெல்லரோடுதான் வருவார்கள். எங்கோ மலிவாகக் கிடைத்தது, நல்ல பாரம், இதை எஞ்சினிலிருந்து வரும் தண்டில், அதாவது ஷாப்டில், பூட்டித் தரமுடியுமா என்று கேட்பார்கள். நான் கொழும்பு முகத்துவாரத்தில் ஷாப்ட், அது படகுக்கு வெளியே போகும் குழாயான ஸ்டெர்ன் டியூப், புரொப்பெல்லர் வேலைகள் செய்யும் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறேன். லேத்தில் நிற்பது பாஸ், அதாவது மேஸ்திரி. அளவெடுப்பது, கணக்குப் போடுவது, வந்தவரோடு வாதாடுவது எல்லாம் என் பங்கு. வாதாடுவதில்தான் அதிக நேரம் போகும்.

மீன்பிடிப் படகுகளுக்கு இது பெரிய தலையிடி கிடையாது. இங்கேயோ நீர்கொழும்பிலோ பேருவளையிலோ ஒரே அச்சில் வார்த்த உடல், ஒரே வகை எஞ்சின் என்று ஏகப்பட்ட படகுகள் ஓடுகின்றன, பக்கத்துப் படகுக்காரரிடம் என்ன அளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டு அதையே போட்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்கிற மாதிரிப் படகு வரும்போதுதான் மண்டை காயும்.

அப்படி ஒன்றோடு வந்தவர் ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர். பிறந்த ஊர் வல்வெட்டித்துறை, இருப்பது வெள்ளவத்தையில். 34 அடி பழைய பல நாள் படகு ஒன்றின் ஃபைபர் உடலை வாங்கி, மட்டக்குளிப் பக்கம் களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட ஒரு வளவில் ஏற்றிவைத்து, ஐஸ் பெட்டி இருந்த இடத்தைக் கேபினாக்கி, படகின் அடி முதுகெலும்பான ஏராக்கட்டையை ஆழமாக்கி, அதற்குள் ஈயம் போட்டு, இரண்டு பாய்மரமும் நிறுத்திவிட்டார். எஞ்சின், லொறியிலிருந்து கழற்றிக் கடலுக்கு ஏற்றமாதிரி மாற்றிய ஒரு ஜப்பான் டீசல், 2600 சுற்றில் 40 குதிரைவலு. கியர்பொக்ஸ் இரண்டுக்கு ஒன்று. பாயிலும் போகவேண்டும், எஞ்சினிலும் போகவேண்டும். அவருக்குத் தெரியாத விஷயம் என்று அந்தப் படகில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதையும் வாங்கிவிட்டேன் என்று சொல்லிக் காரின் டிக்கியைத் திறந்தார்.

உள்ளே 20 அங்குலத்தில் ஒன்று. ஹப்பில், அதாவது இதழ்கள் சேரும் நடுக்குமிழில், 20, 16, எல் எச் என்று அடித்திருந்தது. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். பிட்ச் என்றால், மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு முழுச் சுற்றுக்கு வழுக்கல் இல்லாமல் எவ்வளவு தூரம் முன்னே போகும் என்பது. எல் எச் என்றால் இடஞ்சுழி.

"பெரிசெண்டா நல்லந்தானே தம்பி?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை, பாஸ் சின்னச் சுத்தியலால் ஒரு இதழைத் தட்டினார். நல்ல வார்ப்பென்றால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். இது தொப்பென்று நின்றுவிட்டது. ஓரத்தை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தால் மஞ்சளாக இருக்கவேண்டிய இடத்தில் ரோஜா நிறம். இந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மங்கனீஸ் பிரோன்ஸ். பெயர்தான் பிரோன்ஸ், உண்மையில் அது பித்தளைதான், கிட்டத்தட்ட 60 வீதம் செம்பும் மிச்சத்தில் பெரும்பகுதி நாகமும், அதாவது சிங்க்கும். கடல் தண்ணீரில், தான் முதலில் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் சிங்க் அனோட் இல்லாமல் கிடந்தால் நாகம் கரைந்துபோய் செம்பு மட்டும் பஞ்சு மாதிரி நிற்கும், அதுதான் அந்த ரோஜா நிறம். நிக்கல் அலுமினியம் பிரோன்ஸ் என்றால் இந்த மாதிரி நாகம் இழக்கிற வேலை இல்லை, விலை மட்டும் வேறு.

நிறத்தை விட்டாலும் அது பொருந்தப்போவதில்லை. அவருடைய கியர்பொக்ஸ் முன்னோக்கிப் போகும்போது, பின்னால் நின்று பார்த்தால், ஷாப்ட் வலஞ்சுழியாகச் சுற்றும். இடஞ்சுழிப் புரொப்பெல்லரைப் போட்டால் கியரை முன்னே தள்ளும்போது படகு பின்னே போகும். கியரை மாற்றிப் பாவிக்கலாமே என்று உடனே கேட்டார், பொறியியலாளர் அல்லவா. சில பெட்டிகள் இரண்டு பக்கமும் முழுப் பாரத்தைத் தாங்கும், இவருடையது பின்கியரை இறங்குதுறையில் ஒதுங்குவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறது. அடுத்தது கூர்ப்பு, அதாவது ஷாப்டின் நுனி சிறுத்துக்கொண்டு போகும் அளவு. ஷாப்ட் ஒன்றரை அங்குலம், அமெரிக்க முறைப்படி நுனி 16க்கு ஒன்று என்று கடைந்திருந்தார்கள், புரொப்பெல்லர் ஹப் மெட்ரிக் முறையில் 10க்கு ஒன்று. உள்ளே போகும், நட்டை இறுக்கினால் இறுகின மாதிரியும் இருக்கும். ஆனால் ஒரு ஓரத்தில் மட்டும் கவ்விக்கொண்டு மற்ற இடமெல்லாம் காற்று, கொஞ்ச நாளில் ஷாப்டையும் ஹப்பையும் பிணைக்கும் கீ வெட்டுப்பட்டு எல்லாம் கடலுக்கடியில்.

சரி, பிறகு கணக்குக்கு வந்தோம். இதில் புரொப்பெல்லரைப் பற்றி யோசிப்பதற்கு முதல் படகைப் பற்றி யோசிக்கவேண்டும். நீர்மட்டத்தில் படகின் நீளம் 30 அடி. இப்படிப்பட்ட பாரமான உடல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் போகும், மேலே ஏறி வழுக்கிப் போகாது, அதனால் அடிக்கணக்கில் எடுத்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வரும் நொட்டுக்கு மேல் எவ்வளவு எஞ்சின் போட்டாலும் அலைதான் பெரிதாகும். 30க்கு அது ஏறத்தாழ 7.3. நாங்கள் 7 நொட் என்று எடுத்தோம். ஒரு நொட் என்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 101 அடி, ஆக 7 நொட் என்றால் 709 அடி. எஞ்சின் 2600, கியர் பாதியாக்கினால் ஷாப்ட் 1300. 709ஐ 1300ஆல் பிரித்தால் ஒரு சுற்றுக்கு ஆறரை அங்குலம். ஆனால் தண்ணீர் மரமில்லை. இந்த வேகத்தில் இந்த மாதிரிப் படகுக்கு வழுக்கல் 45 வீதத்துக்குக் கிட்டப் போகும், அதைச் சேர்த்தால் பிட்ச் 12 அங்குலம். 40 குதிரைவலுவை 1300 சுற்றில் வாங்கிக்கொள்ள மூன்று இதழுக்கு விட்டம் 18. ஆக 18க்கு 12. அவர் கொண்டுவந்த 20க்கு 16ஐப் போட்டிருந்தால் எஞ்சின் 2600ஐக் கண்ணாலும் கண்டிருக்காது, கறுப்புப் புகை கக்கிக்கொண்டு சூடாகிச் செத்திருக்கும்.

அவர் கணக்கைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். அடுத்த நாள் நான் மட்டக்குளிக்குப் போய்ப் படகின் பின்பக்கத்தில் அளந்தபோது ஏராக்கட்டைக்கும் சுக்கானுக்கும் நடுவே வெட்டிவிட்டிருந்த இடைவெளியின் உயரம் 21 அங்குலம்தான். 18ஐப் போட்டால் மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை. இதழ் நுனிக்கும் படகின் உடலுக்கும் நடுவே விட்டத்தில் 15 வீதம் விடுவது நல்லது, 10க்குக் கீழே போகவே கூடாது. போனால் ஒவ்வொரு இதழும் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு குத்து, கேபினில் படுத்திருப்பவருக்கு மண்டைக்குள் தவில். 17 என்றால் இரண்டு அங்குலம் கிடைக்கும், தப்பலாம். விட்டத்தில் ஒரு அங்குலம் குறைத்தால் அதே வலுவை வாங்க பிட்சை ஒன்றரை, இரண்டு அங்குலம் ஏற்றவேண்டும், அந்தக் கணக்குக்கு 17க்கு 14 வரை போகலாம். நான் 13 என்று எழுதினேன், ஏன் என்று பின்னால் வருகிறது. என் அனுபவத்தில் அளவைத் தீர்மானிப்பது குதிரைவலு என்று சொல்லுவதைவிட இந்த ஓட்டை என்றே சொல்லலாம், ஆனால் குதிரைவலுவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஓட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த இடத்தில்தான் பாய் குறுக்கே வந்தது. மூன்று இதழ் என்றால் பாயில் போகும்போது பின்னால் ஒரு வாளியைக் கட்டி இழுக்கிற மாதிரி என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். பொய்யும் இல்லை. இரண்டு இதழ் போட்டால் பாயில் போகும்போது அதை நேர்க்குத்தாக நிறுத்தி ஏராக்கட்டைக்குப் பின்னால் ஒளித்துவிடலாம், நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு இதழுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய விட்டம் வேண்டும், நம்மிடம் இருப்பதே 21 அங்குலம். அதோடு இரண்டு இதழும் ஒரே நேரத்தில் கட்டைக்குப் பின்னால் மறைவதால் நடுக்கமும் கூடும். இன்னொரு வழி, பாய் விரித்ததும் இதழ்கள் தாமாகவே ஓட்டத்துக்கு நேராகத் திரும்பிக்கொள்ளும் வகை, இத்தாலியின் மேக்ஸ் புரொப் மாதிரி, அல்லது டென்மார்க்கின் கோரி மாதிரிப் பின்னால் மடியும் வகை. அதற்கு அவர் விலை கேட்டு வைத்திருந்தது டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்தில். 2022இல் அது 360 வரை போனபிறகு அந்தக் கடதாசியை மடித்து வைத்துவிட்டாராம். பணம் இருந்தாலும் நான் யோசித்திருப்பேன். நம் கரையோரத்தில் இரவில் வலை, பகலில் அறுந்த வலை. பல்சக்கரத்தில் திரும்பும் இதழுக்குள் நைலோன் நூல் போனால் நடுக்கடலில் முழுகி அதை யார் எடுப்பது?

ஐயாவுக்கு மனம் ஆறவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைப் பேச்சுக்குள் இழுத்துவந்தார். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் அந்தக் கப்பலை வாங்க, அது இங்கிருந்து பாய் விரித்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தது, அந்த ஊரில் பிறந்த நான் எஞ்சினுக்காகப் பாயைக் கெடுப்பதா என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாஸ் கடைசலை நிறுத்தாமலே, தன் அரைகுறைத் தமிழில், "ஐயா, அன்னபூரணிக்கு நேரம் இருந்திச்சி. ஐயாவுக்குத் திங்கக்கிழமை வீட்ல இருக்கணும் இல்லியா?" என்று கேட்டார். ஐயாவே சிரித்துவிட்டார்.

ஆனால் பாஸ் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. கொழும்பிலிருந்து பொழுதுபோக்குக்குக் கடலில் இறங்கக்கூடிய காலம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே பிறந்தால் தென்மேல் பருவக்காற்று, மேற்குக் கரையில் சும்மா போய்வருகிற கடல் இல்லை அது. அந்த நல்ல மாதங்களில் காலையில் கரைக்காற்று கொஞ்ச நேரம் வீசும், பிறகு நடுவில் ஒன்றுமில்லாமல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று. அவர் ஆசைப்படுவதோ திருகோணமலைக்குப் போக. வடக்கே ஆதாம் பாலத்துப் பக்கம் ஆழம் இல்லை, ஆழமாக்கிய ஏராவோடு அந்த வழியை நினைக்கவும் முடியாது, ஆக தெற்கே காலி, தென்முனையான தெவுந்தரை சுற்றித்தான் போகவேண்டும், கிழக்குக் கரையில் ஏறும்போது வடகீழ்க் காற்று மூஞ்சிக்கு நேரே. பாதிக்கு மேல் எஞ்சின்தான் ஓடப்போகிறது. இப்படிப் பாயிலும் எஞ்சினிலும் ஓடும் மோட்டார்செய்லர் கட்டுகிறவர்கள் எல்லாரும் இரண்டும் சரிபாதி என்றுதான் சொல்வார்கள், புரொப்பெல்லர் வாங்கும்போது சரிபாதி என்று ஒன்று கிடைக்காது, ஏதாவது ஒரு பக்கம் சாயவேண்டும். அவர் எஞ்சின் பக்கம் சாய்ந்தார். நிலையான மூன்று இதழ், 17க்கு 13, வலஞ்சுழி.

அந்த அளவில் புதிதாக வார்க்க அச்சு கிடைக்கவில்லை. வார்ப்புப் பட்டறைகளில் ஓடுகிற அளவுகளுக்குத்தான் அச்சு இருக்கும். பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடியதில் பழையவை கிடைத்தன, ஆனால் ஒன்றில் இதழ் வளைந்திருந்தது, இன்னொன்றில் யாரோ ஒட்டிய வெல்டிங். கடைசியில் 18க்கு 14 பூட்டாத வார்ப்பு ஒன்று கிடைத்தது. விட்டத்தைச் சுற்றிவர அரை அங்குலம் வெட்டினால் 17. பிட்சை ஒரு அங்குலம் குறைப்பது கைவேலை. இரண்டு அங்குலத்துக்கு மேல் முறுக்க நான் ஒத்துக்கொள்வதில்லை, இதழின் வடிவமே கெட்டுவிடும்.

ஹப்பில் அடித்திருக்கும் எண்ணை நம்பாமல் பிட்சை அளக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. புரொப்பெல்லரை மட்டமான மேசையில் படுக்கவைத்து, நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இதழின் மேல் இரண்டு புள்ளி, அவற்றுக்கிடையே 30 பாகைக் கோணம். இரண்டு புள்ளிகளும் மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்து வித்தியாசத்தை 12ஆல் பெருக்கினால் பிட்ச். வித்தியாசம் சரியாக ஒரு அங்குலம் என்றால் பிட்ச் 12. மூன்று இதழையும் அளக்கவேண்டும். எங்கள் வார்ப்பில் ஒன்று 14, ஒன்று பதின்மூன்றே முக்கால், மற்றது பதினாலரை. இப்படித்தான் இருக்கும். புதிது என்பதற்காகச் சரியாக இருக்கும் என்று இல்லை.

பாஸ் சூடாக்கி, மரத்தில் வைத்துத் தட்டித் தட்டி மூன்றையும் 13க்குக் கொண்டுவந்து, சமநிலை பார்த்து, ஹப்பை ஷாப்டின் கூர்ப்புக்குக் கடைந்தார். நீல மை பூசி ஏற்றி இறக்கி, மை எல்லா இடமும் ஒட்டும் வரை தேய்த்தோம். நட்டில் மட்டும் ஐயாவோடு இன்னொரு வாதம். மெல்லிய நட்டு முதலில், தடித்தது அதன் மேலே. பார்க்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் கடைசியாக இறுக்குவது எதுவோ அதுதான் பாரத்தைத் தாங்கும்.

கடலில் இறக்கி ஓட்டிப் பார்த்தபோது டாஷ்போர்ட் மீற்றர் 2600 காட்டியது. அந்த மீற்றர்களை நான் நம்புவதில்லை. ஷாப்டில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒளி அடித்து அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்த்து இரண்டால் பெருக்கினால் எஞ்சின் 2450தான். வேகம் ஆறேமுக்கால் நொட். ஐயா இது போதும் என்றார். படகின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும்போதே 2450 என்றால், நம் வெந்நீர்க் கடலில் நாலைந்து மாதத்தில் பாசியும் சிப்பியும் ஏறியபிறகு 2300க்கு வந்துவிடும், எஞ்சினுக்கு எப்போதும் மேட்டில் ஏறும் பாரம். 14 என்று எழுதாமல் 13 என்று எழுதியதும் இதற்காகத்தான். ஒரு அங்குலப் பிட்சுக்கு 150, 200 சுற்று வித்தியாசம் வரும், ஆகவே முக்கால் அங்குலம் குறைத்து மறுபடி பூட்டினோம். இரண்டாவது ஓட்டத்தில் 2600ஐத் தொட்டது, வேகத்தில் குறைவு தெரியவில்லை.

பாயில் போனபோது வேறு கேள்வி. நிறுத்திவைத்த எஞ்சினோடு புரொப்பெல்லர் தானாகச் சுற்றட்டுமா, கியரில் போட்டுப் பூட்டிவைக்கவா? மூன்று இதழைப் பூட்டிவைத்தால்தான் இழுவை அதிகம், ஸ்கொட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்ததும் அதைத்தான் காட்டியது. சுற்றவிடுவதென்றால் கியர்பொக்ஸ் அதற்குச் சம்மதிக்கவேண்டும், எஞ்சின் ஓடினால் மட்டும் எண்ணெய் சுற்றும் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றைச் சும்மா சுற்றவிட்டால் உள்ளே காய்ந்து தேயும். ஐயா ஷாப்டுக்கு ஒரு பிரேக் போடலாம் என்று படம் வரைந்துகொண்டு வந்திருந்தார். அவருடைய கியர்பொக்ஸின் கையேட்டை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பழைய சாமான், கையேடு ஜப்பான் மொழியில் இருக்கிறதாம்.