பூசணி மிதக்குது மிஸ்!

செப்டம்பரில் ரிசெப்ஷன் வகுப்புக்குள், அதாவது இங்கிலாந்துப் பள்ளியின் முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்புக்குள், நுழைகிற வாண்டுகளில் சிலருக்கு நாலு வயது முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கோட்டு ஜிப்பை இழுக்கத் தெரியாது, மூக்கைத் துடைக்கத் தெரியாது, அம்மா எப்போது வருவாள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். நான் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் டீச்சிங் அசிஸ்டண்ட். முதல் வருஷம் இவர்களுக்கு இலையுதிர் காலத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று காகிதத் தட்டில் முள்ளெலி செய்ய வைத்தேன். சுவரில் முப்பது முள்ளெலி, முப்பதுக்கும் ஒரே முகம், ஏனென்றால் வெட்டியது ஒட்டியது எல்லாம் பெரும்பாலும் நான்தான்! பெற்றோருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால், பசை விரலில் காய்ந்தால் உரித்து எடுக்கலாம் என்பதைத்தான்.

இப்போது தண்ணீர்த் தொட்டிதான் எனக்கு எல்லாம். கான்கர் என்கிற ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்து விதை, ஓக் மரத்துக் கொட்டையான ஏகார்ன், பைன் மரத்துச் செதில் கூம்பான பைன் கோன், இலை, ஒரு முழுப் பூசணி, இவற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு எது மூழ்கும், எது மிதக்கும் என்று மட்டும் கேட்பேன். பூசணி மூழ்கும் என்று வகுப்பே சத்தியம் செய்யும், ஏனென்றால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். போட்டால் அது ஜம்மென்று மிதக்கிறது, கோலிக்குண்டு மாதிரி இருக்கிற கான்கர் போய் அடியில் உட்காருகிறது. ஒரு பையன் பூசணியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி அமுக்கி, சட்டைக் கை முழங்கை வரை நனைந்ததுகூடத் தெரியாமல் நின்றான். உள்ளே நிறையக் காற்று என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மறுநாள் பூசணியை வெட்டி, நாரையும் விதையையும் கையால் வழித்து எடுத்தபோது அவனே சொன்னான், “நடுவுல ஒண்ணுமே இல்ல மிஸ்!”

பைன் கோன் இன்னும் நல்ல வேடிக்கை. நன்றாக விரிந்த ஒன்றைக் குளிர்ந்த நீரில் போட்டுவிட்டுச் சிற்றுண்டி நேரம் முடிந்து வந்து பார்த்தால் செதில்களை மூடத் தொடங்கியிருக்கும், கொஞ்சம் பொறுத்தால் இறுக மூடிக்கொள்ளும். அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் ஓரிரு நாளில் மறுபடி விரியும். காரணம் எளிதுதான், செதிலின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட அதிகமாக ஈரத்தை இழுத்து நீள்கிறது, அதனால் செதில் உள்நோக்கி வளைகிறது. மழையில் விதை தூரம் பறக்காது, அதனால் மரம் வாசலைச் சாத்திக்கொள்கிறது. நாலு வயதுக்கு இந்தக் கடைசி வரி போதும்.

எண்ணிக்கைக்கு, பத்து முட்டை வைக்கிற அட்டைப்பெட்டி. ஐந்தைந்தாக இரண்டு வரிசை இருப்பதால் எண் சொல்லிக்கொடுக்கிற பத்துக் கட்டம், அதாவது டென் ஃபிரேம், இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. குழிக்கு ஒரு கான்கர், ஆறு வைத்தால் இன்னும் எத்தனை குழி காலி? ஐந்து வரை எண்ணாமல் பார்த்ததும் சொல்ல வேண்டும் என்பது ரிசெப்ஷன் முடிவில் எதிர்பார்க்கப்படுகிற விஷயம், அதற்குப் பயிற்சித்தாளைவிடக் கையில் உருளுகிற கான்கர் எவ்வளவோ மேல். நர்சரிப் பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லாதீர்கள், ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரண்டியால் மாற்றட்டும், அதற்கே முக்கால் மணி நேரம் போகும். அப்புறம், பூசணியில் கோல்ஃப் டீயை, அதாவது கோல்ஃப் பந்தைத் தாங்குகிற ஆணி மாதிரிச் சின்னக் குச்சியை, மரச்சுத்தியலால் அடிப்பது. சத்தம் தாங்காது, ஆனால் பென்சில் பிடிக்க வேண்டிய விரலுக்கும் மணிக்கட்டுக்கும் அதைப்போல ஒரு வேலை கிடையாது.

சிக்காமோர் மரத்தின் இறக்கை வைத்த விதையைப் படிக்கட்டு மேலிருந்து போட்டால் ஹெலிகாப்டராகச் சுழலும். அந்த இறக்கையைக் கிள்ளிவிட்டுப் போடச் சொல்லுங்கள், நேரே தொப்பென்று விழும். கிள்ளலாமா என்று அனுமதி கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பாவம்.

இலை ஏன் மஞ்சளாகிறது என்று யாராவது கேட்டால், மஞ்சள் முன்பே உள்ளே ஒளிந்திருந்தது, பச்சை போனதும் வெளியே தெரிகிறது என்று சொல்வேன். உண்மையும் அதுதான். சிவப்பு வேறு கதை, அதைப் பல மரங்கள் இந்தக் காலத்தில்தான் புதிதாகத் தயாரிக்கின்றன.

பொறுக்கப் போகும்போது ஒன்று கவனிக்க வேண்டும். கான்கர் நஞ்சு, சாப்பிடுகிற செஸ்ட்நட் வேறு. கான்கரின் பச்சைக் கூட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முள் இருக்கும், செஸ்ட்நட் கூடு ஊசி ஊசியாக முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். வாயில் வைக்கிற வயதுக்காரர்கள் இருந்தால் கான்கரும் ஏகார்னும் தொண்டையில் சிக்கும் என்பதையும் நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள்.

பொறுக்கியதை மூடி போட்ட டப்பாவில் வைக்காதீர்கள். போன அக்டோபரில் பருவத்தின் நடுவில் வருகிற ஹாஃப் டெர்ம் விடுமுறைக்கு முன் இரண்டு கிலோ கான்கரை அப்படி மூடிவைத்துவிட்டுப் போனேன், ஒரு வாரம் கழித்து வந்தால் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை. தூக்கிப்போடத்தான் நினைத்தேன், ஒரு பெண் குழந்தை பார்த்துவிட்டாள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பூதக்கண்ணாடியோடு ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். அந்த வாரம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் யாருமே வரவில்லை.