தோஹாவில் ஒரு குடியாத்தம் கைலி

வேலூர்க்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிச் சிரிக்கும் பழைய கிண்டல் ஒன்று உண்டு. மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததும் கடைசியில் சொன்னது செல்லாமல் போனது. 2021 நவம்பரில் பாலாறு ரெண்டு கரையும் புரண்டு ஓடியபோது இரண்டாவதும் கொஞ்ச நாள் பொய்யானது. காலியான இடத்தில் நான் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன்: விமானமில்லாத விமான நிலையம். அப்துல்லாபுரத்தில் வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம் இருக்கிறது. அங்கே டிக்கெட் வாங்கி ஏறிப்போன ஒரு ஆளையும் நான் பார்த்ததில்லை.

ஆகவே 2023 பிப்ரவரியில் மிலானுக்குப் போக நானும் எல்லாரையும்போல மீனம்பாக்கத்துக்குத்தான் போனேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. மிலானில் வருஷத்துக்கு ரெண்டு தடவை லீனியாபெல்லே என்று தோல் கண்காட்சி நடக்கும். வழக்கமாக முதலாளி மட்டும் போவார். அந்த முறை என்னையும் வரச்சொன்னார். அவர் டிக்கெட் வேறு, என் டிக்கெட் வேறு. என்னுடையது இருப்பதிலேயே மலிவு. ராத்திரி ஒன்பதே காலுக்கு தோஹாவில் இறக்கிவிட்டு, காலை எட்டு அஞ்சுக்குத்தான் அடுத்த விமானம். "பதினோரு மணி நேரம் கேப்பு சார், ஓட்டல் ரூம் அவங்களே குடுத்துடுவாங்க" என்று டிக்கெட் போட்ட ஏஜென்ட் அடித்துச் சொல்லியிருந்தார். அங்கே கவுண்டரில் இருந்த பெண் என் போர்டிங் பாஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த டிக்கெட்டுக்கு ரூம் கிடையாது என்று சிரித்த முகமாகச் சொன்னாள். அவ்வளவு அழகாக யாரும் எனக்கு "இல்லை" என்று சொன்னதில்லை.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வெட்டர், ஜெர்கின், மப்ளர் மூன்றையும் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டி சென்னையிலேயே போட்டுவிட்டேன். குளிர் மிலானில்தானே என்று நினைப்பு. பெட்டி நேராக மிலானுக்குப் போய்விடும், நடுவில் கைக்கு வராது. நானோ அரைக்கைச் சட்டை. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் தண்ணி தெளித்துப் படுத்து வளர்ந்த வெயிலூர்க்காரனுக்கு அந்த ஏசி ஒத்துவருமா? பத்து மணிக்கே விரல் விறைத்துவிட்டது.

ஹமத் விமான நிலையத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த மஞ்சள் கரடி. ரெண்டு மாடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது, தலைக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கு. உலகமே அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறது. இன்னொரு பக்கம், கால்பந்து உலகக் கோப்பைக்குக் கொஞ்சம் முன்னால் திறந்த உள்தோட்டம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிஜ மரங்கள். பாலைவனத்துக்காரன் கட்டடத்துக்குள்ளேயே மரம் வளர்க்கிறான், நம்ம மலையில் பாறைதான் வளர்கிறது என்று ஒரு நிமிஷம் வயிறெரிந்தேன். தூங்குவதற்கென்றே சாய்வு நாற்காலி போட்ட அமைதி அறைகள் இருக்கின்றன, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. எட்டிப் பார்த்தேன். ஒரு நாற்காலி காலியில்லை. உள்ளே ஒரு குறட்டை, ஜோலார்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி ஏறுகிற மாதிரி. வெளியே இருந்த நாற்காலிகளுக்கோ ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி. அதைக் கண்டுபிடித்தவன் யாரையும் படுக்கவிடக் கூடாது என்றே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணி வாக்கில், தரை கழுவும் மெஷினை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருத்தர் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. வங்காளம்!

இங்கே என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாபுராவ் தெருவில் லாட்ஜ் வைத்திருக்கிறார். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் மேற்கு வங்காளமும் பங்களாதேஷும் என்பதால் அந்தத் தெருவில் போர்டெல்லாம் வங்காள எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூட லீவு முழுக்க நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "ரூம் லாக்பே?" (ரூம் வேணுமா?), "கோதோ தின்?" (எத்தனை நாள்?) இதெல்லாம் எனக்கு இங்கிலீஷுக்கு முன்னாலேயே வந்தது. அந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு அவரிடம் போய், "பாய், எகானே குமானோ ஜாபே?" என்றேன். இங்கே தூங்கலாமா?

மனுஷன் தண்ணி பாட்டிலை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். வெளிநாட்டில் யார் கேட்டாலும் சென்னை என்று சொல்லிவிடுவது என் பழக்கம், விளக்கம் மிச்சம். இவரிடம் வேலூர் என்றேன். "வெல்லூர்! சிஎம்சி!" என்று நெஞ்சில் கை வைத்தார். அவர் ஊர் பங்களாதேஷில் குமில்லா. 2019ல் அவங்க அம்மாவுக்கு இதய ஆபரேஷன், ரெண்டு மாசம் நம்ம ஊரில் இருந்திருக்கிறார்கள். அம்மா இப்போது நன்றாக நடக்கிறாராம். பாபுராவ் தெரு, வாசலில் நீலக் கேட்டு, மாடியில் சமைத்துக்கொள்ள ஸ்டவ் வாடகைக்குக் கொடுப்பார்கள் என்று அடையாளம் சொன்னார். எனக்குப் புல்லரித்தது, பாதி ஏசியால்.

அவர் சொன்ன யோசனையை எந்தப் பயணக் குறிப்பிலும் நான் படித்ததில்லை. எங்கே வெளிச்சம் குறைவு, எங்கே சத்தம் குறைவு என்றெல்லாம் பார்க்காதே, மெஷின் எங்கே ஓடி முடிந்தது என்று பார். கழுவின பக்கத்துக்கு விடியும்வரை யாரும் வரமாட்டார்கள், எழுப்பவும் மாட்டார்கள். தான் கழுவி முடித்திருந்த ஒரு கேட்டின் கடைசி மூலையை, சுவருக்கும் கடைசி வரிசை நாற்காலிக்கும் நடுவே, கை காட்டினார்.

கைப்பையில் ஒரு கைலி இருந்தது. குடியாத்தம் கைலி, நீலக்கட்டம், மூட்டினது. அம்மா வைத்தது. "எங்க போனாலும் இது இருக்கட்டும்டா, மாத்திக்க ஆவும்" என்று திணித்தபோது, "மிலான்ல கைலி கட்டிகினு சுத்தறதா?" என்று சிரித்தேன். மூட்டின கைலி என்பது தைத்த சாக்குதான். கால் ரெண்டையும் உள்ளே விட்டு, கீழ்விளிம்பைப் பாதத்துக்கு அடியில் மடித்துச் செருகி, மேல்விளிம்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டால் நமது மூச்சே நமக்கு ஹீட்டர். ஒரு வருஷம் துவைத்த கைலிக்கு ஒரு மெத்துமெத்துப்பு வரும். புதுசில் அது கிடையாது. பாஸ்போர்ட்டை பனியனுக்குள், மூக்குக் கண்ணாடியை ஷூவுக்குள், ஷூவைத் தலைமாட்டில், பையின் வாரைக் கையில் ரெண்டு சுற்று. இதுவெல்லாம் காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நைனா கற்றுக்கொடுத்தது. திருப்பதி வண்டிக்குக் காத்திருந்த ராத்திரிகளில்.

தரையில் படுத்தால் இன்னொரு வசதி, மனிதர்கள் எல்லாரும் வெறும் காலாகிவிடுகிறார்கள். என் தொழிலுக்கு இது விருந்து. ஒட்டின சோல், ஒட்டின சோல், விளையாட்டு ஷூ, ஒட்டின சோல். நடுவில் ஒரே ஒரு ஜோடி நல்ல வெல்ட் தையல் (சோலை ஒட்டாமல் தைத்தது), கன்றுத்தோல், குதிகால் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பின்னால் ஒரு ஜோடி, முன்சோல் பிளந்து வாயைத் திறந்துகொண்டு வந்தது. பசை காய்வதற்குள் பிரஸ்ஸில் போட்டிருப்பான். எண்ணிக்கொண்டே எப்போது தூங்கினேன் தெரியாது.

விழிப்பு வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழே முக்கால். விமானம் எட்டு அஞ்சுக்கு! அடித்துப் பிடித்து எழுந்தவன், கைலிக்குள் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். ரெண்டு காலும் சாக்குக்குள், ஒரே எட்டில் நாற்காலி மேல் தடால். ஒரு ஆப்பிரிக்கப் பாட்டி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் தேடி மாட்டி, எதிர்ச் சுவரில் இருந்த திரையைப் பார்த்தேன். அஞ்சே கால். கடிகாரம் நம்ம ஊர் நேரம், கத்தார் ரெண்டரை மணி நேரம் பின்னால். ஆம்பூரில் அந்நேரம் ஷிப்டுக்கு ஆள் கிளம்பியிருப்பார்கள்.

கைலியை மடித்து வைத்துவிட்டு அந்த அண்ணனைத் தேடினேன். மெஷின் வேறு ஒருத்தர் கையில் இருந்தது.

ஊர் திரும்பியதும் சித்தப்பாவிடம் எல்லாம் சொன்னேன். நீலக் கேட்டு என்றதும் முகம் மாறிவிட்டது.

"அது நம்ம லாட்ஜ் இல்லடா. எதிர்ல இருக்கறவன்து. இன்னா, ஸ்டவ்வுக்கு வாடகை எவ்ளோ வாங்கனாங்கன்னு கேட்டியா?"