பத்துப் பிரதிகளுக்குள் ஓர் எழுத்தைத் தேடுவது

டாக்டர்கள் அட்டோபிக் டெர்மடைடிஸ் என்று எழுதும் கரப்பானுக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பில், தோலின் மேலடுக்கைக் காக்கும் புரதத்தை உருவாக்கும் ஃபிலாக்ரின் மரபணு அளவுக்கு உறுதிப்பட்டது வேறில்லை. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீன் குழுவினர் இந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் இரண்டு மாறுபாடுகளைக் காட்டினார்கள்: ஆர்501எக்ஸ், 2282டெல்4. ஐரோப்பியரில் நூற்றுக்கு 9 பேரிடம் இவற்றில் ஒன்றாவது இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு ‘ஃபிலாக்ரின் நார்மல்’ என்று ரிப்போர்ட் தருவது எளிது, மலிவு. ஆனால் ஜப்பானிலும் சீனாவிலும் அவை இரண்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அங்கே கிடைப்பவை 3321டெல்ஏ போன்ற வேறு மாறுபாடுகள். சிங்கப்பூர்ச் சீனரிடம் முழு மரபணுவையும் படித்தபோது நீண்ட பட்டியலே வந்தது. அதில் பல, ஓரிருவரிடம் மட்டுமே இருந்தவை. ஆசிய நோயாளியின் மாதிரி என்றால் மரபணு முழுவதையும் படித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கட்சி. எங்கெங்கே கால் இடறும் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

இந்த மரபணு முதல் குரோமோசோமில் இருக்கிறது. மூன்று எக்சான்கள்தான், அதாவது ஆர்.என்.ஏ.வில் நிலைத்து நிற்கும் பகுதிகள். புரதத்தின் பெரும்பகுதி மூன்றாவதில், சுமார் 12,700 எழுத்து (டிஎன்ஏவின் ஓர் அலகு ஓர் எழுத்து) நீளத்தில் அடங்கியிருக்கிறது. அதற்குள் 972 எழுத்துள்ள ஒரே துண்டு, அச்சு அசலாக என்று சொல்லும்படி, 10 முதல் 12 தடவை அடுத்தடுத்து வருகிறது. ஒரே முகமுள்ள பத்துப் பேர் வரிசையில் நிற்க, அதில் ஆறாமவருக்கு மட்டும் மச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற வேலை. மற்ற மரபணுக்களுக்குப் பழகிய கை இங்கே ஏமாந்துபோகும்.

ரத்தம் 2 முதல் 3 மில்லி போதும். ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் மட்டும் எடுக்கவும். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும். அது டிஎன்ஏவோடு கூடவே வந்து, டிஎன்ஏத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆரை முடக்கும். குழந்தைகளுக்கு ஊசி வேண்டாமே என்று கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்பதுண்டு. சின்னத் துண்டுகளைப் பெருக்க அது போதும். 12,000 எழுத்தை ஒரே இழுப்பில் பெருக்க அந்த டிஎன்ஏ பெரும்பாலும் உடைந்திருக்கும். பிரித்தெடுத்த பிறகு ஒளி உறிஞ்சலின் 260/280 விகிதம் 1.8 வந்துவிட்டால் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அது சுத்தத்தைச் சொல்லும், நீளத்தைச் சொல்லாது. ஜெல்லில் ஓடவிட்டுப் பாருங்கள்: மேலே ஒரே பட்டையாக நிற்க வேண்டும், கீழ்நோக்கி இழுவினால் அந்த மாதிரி நீளப் பிசிஆருக்கு உதவாது. வோர்டெக்ஸ் குலுக்கியில் போட்டு ஆட்டுவதும், அதே குழாயைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவதும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

பிசிஆரில் முதல் விதி, பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏத் துண்டுகளான பிரைமர் இரண்டும் திரும்பவரும் துண்டுகளுக்கு வெளியே, மரபணுவில் ஒரே இடத்தில் மட்டும் உள்ள வரிசையில் உட்கார வேண்டும். உள்ளே உட்கார்ந்தால் பத்துப் பிரதிகளும் சேர்ந்து பெருகும். நீளப் பிசிஆருக்கென்று விற்கும் என்சைமே வேண்டும். சாதாரண டாக் என்சைம் இவ்வளவு தூரம் போகாது. 50 முதல் 100 நானோகிராம் டிஎன்ஏ போடலாம். நீட்டிப்பு வெப்பத்தை 72க்குப் பதில் 68 டிகிரியில் வைக்கவும், ஏனென்றால் நீண்ட நேரம் அதிகச் சூட்டில் இருந்தால் இழையே பழுதாகும். நேரம் ஆயிரம் எழுத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு. பட்டை மங்கலாக வந்தால் சுற்றை 35, 40 என்று ஏற்றத் தோன்றும். இந்த மரபணுவில் அது வினை. பாதியில் நின்ற இழை அடுத்த சுற்றில் வேறொரு பிரதியில் போய் ஒட்டிக்கொண்டு, எந்த மனிதரிடமும் இல்லாத கலப்பு இழையை உண்டாக்கும். 28 சுற்றுக்குள் முடியாவிட்டால் சுற்றைக் கூட்டாமல் டிஎன்ஏவை மாற்றுவதே நல்லது.

ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சிகரமாகக் காட்டும் சாங்கர் முறையில் படிக்கும்போது இரட்டைச் சிகரத்தைப் பார்த்ததும் ‘தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளில் ஒன்றில் மாறுபாடு’ என்று எழுதிவிடக் கூடாது. உண்மையான மாறுபாட்டில் இரண்டு சிகரமும் ஏறக்குறைய சம உயரம். ஒன்று நெட்டையாகவும் மற்றது அதன் அடியில் குட்டையாகவும் நின்றால், பக்கத்துத் துண்டும் சேர்ந்து பெருகியிருக்கிறது என்று சந்தேகப்படவும். 2282டெல்4 போன்ற நீக்கத்தில் அந்த இடத்திலிருந்து படிப்பு முழுக்கக் கந்தல் ஆகும். பரிசோதனை சரியாக நடக்கவில்லை என்று தூக்கி எறிந்துவிடாமல் எதிர்த்திசையிலிருந்தும் படித்தால் கந்தல் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடும்.

எல்லா மரபணுக்களின் புரதப் பகுதிகளையும் சிறு துண்டுகளாகப் படித்த எக்சோம் தரவு கையில் இருக்கிறதே, அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். 150 எழுத்துத் துண்டு பத்து இடத்தில் பொருந்தும். எங்கே வைப்பது என்று தெரியாமல் மென்பொருள் அதற்கு நம்பகத்தன்மை பூஜ்யம் என்று மதிப்பெண் போடும், பிறகு வடிகட்டி அதைத் தூக்கிவிடும். மாறுபாடு இல்லை என்று ரிப்போர்ட் வரும். உண்மையில் அந்த இடமே படிக்கப்பட்டிருக்காது. நீளமாகப் படிக்கும் பேக்பயோ, நானோபோர் முறைகள் இதைத் தீர்த்தன. கூடவே இன்னொரு லாபம்: இரண்டு மாறுபாடு இருந்தால் அவை ஒரே குரோமோசோமிலா, தாய்வழி ஒன்று தந்தைவழி ஒன்றா என்று தெரியும். விளைவு இதைப் பொறுத்துத்தான். தாய்வழி, தந்தைவழி என்று மரபணுவுக்கு உள்ள இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டால் கரப்பானுக்கான சாத்தியம் கூடும். இரண்டும் கெட்டால் செதில் செதிலாக உரியும் இக்தியோசிஸ் வல்காரிஸ் வெளிப்படையாகவே தெரியும், உள்ளங்கைக் கோடுகள் ஆழமாகவும் அதிகமாகவும் இருக்கும். நானோபோரில் ஒரே எழுத்து வரிசையாக வரும் இடங்களில் ஓர் எழுத்து விட்டுப்போவது சகஜம். அது அப்படியே ‘செயலிழப்பு’ போலத் தோன்றும். ஓரெழுத்து நீக்கம் எதுவானாலும் சாங்கரில் சரிபார்க்காமல் எழுதுவதில்லை.

பெயரிடுதலும் தலைவலிதான். ஒரு துண்டுக்கு 324 அமினோ அமிலம். உங்கள் மாதிரியில் 12 பிரதிகள், ஒப்பிடும் வரிசையில் 10 என்றால், கூடுதல் துண்டுக்குப் பின்னால் உள்ள எல்லா எண்ணும் தள்ளிப்போகும். ஒரே மாறுபாடு இரண்டு கட்டுரைகளில் இரண்டு எண்ணோடு நிற்கும். எந்த வரிசையை வைத்து எண்ணினோம் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. திரும்பவரும் துண்டின் பிரதிகள் எத்தனை என்பதையும் குறித்துவைக்கவும். அயர்லாந்து நோயாளிகளிடம் 2012இல் வெளியான ஆய்வில், பிரதி கூடக் கூட நோயின் சாத்தியம் சற்றுக் குறைந்தது.

குடும்பத்தாரிடம் முடிவைச் சொல்வதுதான் கடைசிக் கட்டம், அங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. மரபணுவின் செயலிழந்த பிரதி இருந்தால் கரப்பானுக்கான சாத்தியம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனாலும் அதைச் சுமப்பவர்களில் பலருக்குக் கரப்பானே வருவதில்லை. கரப்பான் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்த மாறுபாடும் இல்லை. ‘பிறந்த நாளிலிருந்தே களிம்பு தடவினால் வராமல் தடுக்கலாமா?’ என்ற கேள்வி தவறாமல் வரும். பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளிவந்த பீப் ஆய்வில், முதல் ஆண்டு முழுக்கத் தினமும் தடவியும் இரண்டு வயதில் பலன் தெரியவில்லை. வந்த நோய்க்கு ஈரப்பதக் களிம்பு அவசியம். அது வேறு விஷயம். மாறுபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை இன்று மாறப்போவதில்லை. ஆகவே சாதாரணக் கரப்பானுக்கு இந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றே சொல்கிறோம். இக்தியோசிஸ் சந்தேகம், ஆய்வு, இந்த இரண்டுக்கும் செய்யலாம். ரிப்போர்ட்டின் முதல் வரியில் எந்தெந்தத் துண்டுகள் படிக்கப்பட்டன, எவை படிக்கப்படவில்லை என்பதை எழுதுகிறோம். ‘நார்மல்’ என்ற சொல்லைப் போடுவதில்லை.