சதை எடுத்துப் பார்க்காமலே சிறுநீரகப் புற்றுநோய் என்று எப்படிச் சொன்னார்கள்?

அம்மாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்; ஒரு நாள் நின்றால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். கேட்டதற்கு, "சூடு புள்ள, செவ்விளநீர் குடிச்சேன், நின்னுருச்சு" என்றார். நின்றது உண்மைதான். வலியும் இல்லை. கல் என்றால் பெரும்பாலும் வலி ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். வலியில்லாமல் வந்து தானாக நிற்கிற ரத்தத்தைத்தான் சும்மா விடக் கூடாது என்று பிறகு டொக்டர் சொன்னார்.

மறுபடி வந்தபோது, மாதவிடாய் நின்ற பெண் என்பதால் கர்ப்பப்பைக் கோளாறோ என்று ஒரு சுற்று. அப்புறம் யூரின் இன்பெக்ஷன் என்று மாத்திரை. யூரின் கல்ச்சரில் கிருமியே இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் சிவப்பணு நிறைய. அதைப் பார்த்துத்தான் ஹட்டனில் வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். வலது சிறுநீரகத்தில் 5 செ.மீ. கட்டி. வயது போனவர்கள் பலருக்குச் சாதாரண நீர்க்கட்டி இருக்கும், அதற்குப் பயமில்லை. அம்மாவுடையது கெட்டிக் கட்டி.

கண்டி ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள். நரம்பில் ஏற்றுகிற சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். இதை நோயாளிக்கு முன்னாடியே சொல்லி வையுங்கள். அம்மா பயந்தது இதற்கு மட்டும்தான். நெஞ்சையும் சேர்த்து ஸ்கேன் எடுத்தார்கள், இந்த நோய் பரவினால் நுரையீரலுக்குப் போவது அதிகமாம். ரத்தம் மூத்திரப்பையிலிருந்தும் வரலாம் என்று கேமராக் குழாய் விட்டும் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை.

கிரியேட்டினின் நல்லபடி வந்ததும் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "கிட்னி ரிப்போர்ட் சரியாத்தானே இருக்கு, எதுக்கு ஆபரேஷன்?" அந்த ரிப்போர்ட் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஒன்றில் கட்டி இருந்தாலும் மற்றது சேர்த்து இழுத்துக்கொள்ளும். கட்டியைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை என்று தனியாக எதுவும் இல்லை.

அதைவிடப் பெரிய சண்டை, சதை எடுத்துப் பார்க்காமல் எப்படிப் புற்றுநோய் என்கிறார்கள் என்பது. எனக்கும் அதே சந்தேகம், நேரே கேட்டுவிட்டேன். டொக்டர் சி.டி. படத்தைத் திருப்பிக் காட்டினார்: சாயத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். கட்டி சாயத்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரிந்தது. சிறுநீரகத்தில் இப்படி வந்தால் பெரும்பாலும் புற்றுநோய்தான். ஊசி போட்டு எடுத்தாலும் சில நேரம் சரியான இடத்துச் சதை கிடைக்காது. ஆபரேஷன் தாங்கக்கூடிய ஆளுக்கு, அந்த முடிவு வந்தாலும் செய்யப்போவது மாறாது. சின்னக் கட்டியை எடுக்காமல் கவனித்துக்கொண்டிருக்கலாமா என்று பார்க்கும்போது, பரவிய பிறகு மருந்து தொடங்கும் முன், வேறு இடத்துப் புற்றுநோய் இங்கே வந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், இப்படியான வேளைகளில் ஊசி போட்டுச் சதை எடுப்பார்களாம். எடுத்த பிறகு கெடுதலில்லாத கட்டி என்று வருவதும் உண்டு என்பதை மறைக்காமல் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தப் பேச்சில்தான். சித்தப்பாவுக்கு வரவில்லை, அது வேறு கதை.

சிறுநீரகத்தை எடுத்த பிறகு வந்த ஆய்வு ரிப்போர்ட்தான் கடைசி முடிவு: கிளியர் செல் வகை, அதிகம் காணப்படுவது அதுதான், கிரேட் 2 (செல்கள் எவ்வளவு மாறித் தெரிகின்றன என்ற அளவு), சிறுநீரகத்தைத் தாண்டவில்லை. புற்றுநோய் என்றாலே மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிதான் என்று அம்மா பையைக் கட்டி வைத்திருந்தார். மருந்து ஏற்றத் தேவையில்லை, கிளினிக்கில் ஸ்கேனும் கிரியேட்டினினும் பார்த்து வந்தால் போதும் என்றார்கள்.

சி.டி. டிஸ்க்கைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள். அடுத்த ஸ்கேனை அதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள்.