கை இரண்டு, வேலை மூன்று: தாண்டிக்குடிக் குளத்தில் கயாக்கும் தூண்டிலும்

கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். வத்தலக்குண்டைச் சுற்றியுள்ள கண்மாய்களில் ஜிலேபியும் விராலும் பிடித்திருக்கிறேன். அதனால், சென்ற டிசம்பரில் பத்தடி நீளக் கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு) ஒன்றைப் பழைய பொருள் விலைக்கு வாங்கியபோது, துடுப்புப் போட மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து இந்தக் குறிப்பை எழுதும்போது தெரிகிறது: துடுப்புக்கு இரண்டு கை வேண்டும், தூண்டிலுக்கு இரண்டு கை வேண்டும், மீன் மாட்டிவிட்டால் வலைக்கு இன்னொரு கை வேண்டும். நமக்கு இருப்பது இரண்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழனி மலைத்தொடர் என்றதும் எல்லாரும் கொடைக்கானல் ஏரியைத்தான் கேட்கிறார்கள். 1863இல் லெவிஞ்ச் கலெக்டர் கட்டுவித்த அந்த ஏரியில் வாடகைப் படகுகளின் நெரிசலுக்குள் தூண்டில் வீசும் எண்ணமே எனக்கு வரவில்லை. பேரிஜம், வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாத இடம். எனக்குக் கிடைத்தது தாண்டிக்குடிப் பக்கம் நண்பனின் சித்தப்பாவுடைய காப்பித் தோட்டத்துக் குளம். ஓடையை மறித்துக் கரை கட்டிய, மூன்று ஏக்கர் இருக்கும் நீர்ப்பரப்பு. கரைப்பக்கம் பதினைந்து அடி ஆழம். மூன்று புறமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பி. உரிமையாளரிடம் நேரில் போய்க் கேட்டு, எந்த நாள், எத்தனை மணி வரை என்று பேசிக்கொண்ட பிறகுதான் படகைத் தண்ணீரில் வைத்தேன். மற்றவர் தண்ணீரில் இறங்கும் எவரும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

ஜனவரி, முதல் நாள்

கயாக்கின் எடை இருபத்தைந்து கிலோவுக்குப் பக்கம். கார்க்கூரையில் குறுக்குப் பட்டை இரண்டு மட்டும் போட்டுக் கட்டிக்கொண்டு பட்டிவீரன்பட்டி வழியாக மலை ஏறினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் படகின் மூக்கு ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது. நிறுத்தி, மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் பம்பருக்குக் கயிறு இழுத்துக் கட்டிய பிறகு அசையவில்லை. சமவெளிச் சாலையில் குறுக்குப் பட்டை போதுமாக இருக்கலாம். வளைவுக்கு வளைவு எடை மாறி விழும் மலைச் சாலையில் முன்கட்டும் பின்கட்டும் கட்டாயம்.

அன்று தூண்டிலை எடுக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் துடுப்பு மட்டும் போட்டேன். இதை நல்ல முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஜனவரி, இரண்டாவது முறை

தூண்டிலோடு இறங்கினேன். கரையில் எடுத்துப்போகும் பெட்டியை அப்படியே கொண்டுபோனேன்: மூன்று தூண்டில் கழி, இரண்டு பெட்டி, வலை, இரை டப்பா, தண்ணீர் பாட்டில், இடுக்கி, கத்தி. காலை நீட்ட இடமில்லை. திரும்பி எதையாவது எடுக்கும்போதெல்லாம் படகு சாய்ந்தது. ஒரு தடவை வீசியபோது தூண்டில் முள் என் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையிலேயே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க இடுக்கியைத் தேடினேன். இடுக்கி மடியிலிருந்து சறுக்கித் தண்ணீருக்குள் போனது. வெள்ளை உலோகம் பழுப்புத் தண்ணீரில் இரண்டு முறை மின்னி மறைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒரு கழி, சட்டைப்பை அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். கழியும் ஆறடிக் கழி. உட்காரும் இடம் தண்ணீரோடு ஒட்டித் தாழ்வாக இருப்பதால் நீளக் கழியைச் சுழற்றுவது சிரமம், மீனைப் பக்கத்தில் கொண்டுவருவதும் சிரமம். தூரம் வீச முடியவில்லையே என்ற கவலையும் வேண்டாம். மீன் இருக்கும் இடத்துக்கு நாமே போக முடியும் என்பதற்காகத்தானே படகு! இடுக்கி, கத்தி, துடுப்பு, கழி எல்லாவற்றுக்கும் இப்போது ஒரு முழக் கயிறு உண்டு. கயிற்றின் மறுமுனை படகில்.

பிப்ரவரி: காற்று

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் என்னை மிகவும் அலைக்கழித்தது காற்றுதான்.

கரையில் இருப்பவனுக்குக் காற்று முகத்தில் படுவது மட்டுமே. கயாக்கில் இருப்பவனைக் காற்று எடுத்துக்கொண்டு போகிறது. அடி தட்டையான, எடையில்லாத படகு. அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆள் பாய்மரம் போலாகிவிடுகிறான். தக்கையை வீசிவிட்டு ரீலைச் சுற்றத் தொடங்குவதற்குள் படகு பத்தடி நகர்ந்திருக்கும். தூண்டில் நரம்பு வளைந்து கிடக்கும். மீன் இரையைத் தொட்டாலும் கைக்குத் தெரியாது. துடுப்பை எடுத்துச் சரிசெய்யலாம் என்றால் கழியைக் கீழே வைக்க வேண்டும். கழியை வைத்த நேரத்தில்தான் தக்கை அமுங்கும்.

தோட்டத்துக் காவல் பெரியவர் மூன்று வாரம் இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கரைக்கு வந்து சொன்னார்: "தம்பி, காலையில் காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். நடுவில் ஒரு நாழிகை சும்மா இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

அவர் சொன்னது மலை நாட்டுக் காற்றின் இயல்பேதான். இரவில் சரிவுகள் குளிர்ந்து, கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கை நோக்கி வழிகிறது. பகலில் வெயில் பட்ட சரிவுகள் சூடாகி, காற்று மேல்நோக்கி ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே, எங்கள் குளத்தில் ஏறக்குறைய எட்டு மணிக்கு, தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். பத்து மணிக்கு மேல் சிற்றலை எழும்பும், பதினொன்றுக்குக் காப்பிச் செடியின் இலைகள் புரண்டு வெளுத்த அடிப்பக்கம் தெரியும். இலை வெளுத்தால் நான் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது இப்போது எனக்குச் சட்டம்.

இன்னொரு பழக்கமும் வந்தது. புறப்படும்போது காற்றுக்கு எதிராகவே போவது. கை ஓய்ந்த பிறகு திரும்பும்போது காற்று நம் பின்னால் இருந்து தள்ளும். முதலில் காற்றோடு சுகமாகப் போய்விட்டு, களைத்த கையோடு எதிர்த்துத் திரும்பியதை ஒருமுறை செய்துவிட்டேன். மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை.

மார்ச்: நங்கூரம்

காற்றுக்கு மருந்து நங்கூரம் என்று ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் வாங்கினேன். கைக்கு எட்டும் இடம் இருக்கைப் பக்கம்தான் என்பதால், கயிற்றை அங்கேயே கட்டினேன். மிகப் பெரிய பிழை. பக்கவாட்டில் கட்டினால் படகு காற்றுக்கும் அலைக்கும் குறுக்கே நிற்கும். கயிறு ஒரு விளிம்பைக் கீழே இழுக்கும், அலை மறுவிளிம்பைத் தூக்கும். சின்னக் குளம் என்பதால் தொடை நனைந்ததோடு போயிற்று. ஓடும் ஆற்றிலோ பெரிய நீர்த்தேக்கத்திலோ இதே பிழை ஆளைக் கவிழ்த்துவிடும். நங்கூரம் மூக்கிலோ வாலிலோதான் நிற்க வேண்டும்.

ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து மூக்குக்குக் கை எட்டாது. அதற்கு ஒரு வழி உண்டு, நானே செய்தேன். படகின் விளிம்பில் முன்னால் ஒரு சின்னக் கப்பி, பின்னால் ஒரு சின்னக் கப்பி. இரண்டையும் சுற்றி நைலான் கயிற்றை வளையமாக ஓட்டினேன். வளையத்தில் ஓர் இரும்பு வளையல். நங்கூரக் கயிறு அந்த வளையலுக்குள் போகிறது. உட்கார்ந்தபடியே வளையக் கயிற்றை இழுத்தால் நங்கூரப் பிடி மூக்குக்கோ வாலுக்கோ நகர்ந்துவிடும். கிணற்றுக் கப்பியைப் படுக்கவைத்தது போன்ற ஏற்பாடு. மொத்தச் செலவு ஒரு நல்ல ரீலின் விலைகூட இல்லை. கயாக்குக்காக நான் செலவழித்த பணத்தில் இதுதான் மிகவும் பயன்பட்டது.

கயிறு ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது விட்டால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்கிறது. நேர் செங்குத்தாக நின்றால் சேற்றில் உழுதுகொண்டே வருகிறது. அடியில் பழைய மரக்கட்டைகள் இருப்பதால் நங்கூரம் மாட்டிக்கொள்ளும் பயமும் உண்டு. கயிற்றை நங்கூரத்தின் அடிமுனையில் முடிந்து, தண்டோடு கொண்டுவந்து, மேல்வளையத்தில் மெல்லிய நூலால் மட்டும் கட்டுகிறேன். மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்க, நூல் அறுந்து நங்கூரம் தலைகீழாக வெளியே வந்துவிடுகிறது. இதுவரை இரண்டு முறை காப்பாற்றியது.

ஏப்ரல்: வேண்டுமென்றே கவிழ்ந்தது

இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும். நண்பனைக் கரையில் நிறுத்திக்கொண்டு, மார்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, படகை நானே கவிழ்த்தேன்.

குளிர் முதலில் மூச்சைப் பிடித்தது. வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கிறது, நாம் சொல்வதைக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று அன்றுதான் உடம்பால் புரிந்துகொண்டேன். ஏப்ரலிலேயே இப்படி. ஜனவரி விடியலில் எப்படி இருந்திருக்கும்! மூச்சு நிதானப்படும் வரை எதுவும் செய்யாமல் படகைப் பிடித்துக்கொண்டு மிதப்பதுதான் முதல் வேலை. அதற்கு ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். படகின் பின்னால் கட்டிவைத்த ஜாக்கெட் எதற்கும் உதவாது.

பிறகு படகை நிமிர்த்தி, நடுப்பகுதியில் இரண்டு கையையும் ஊன்றி, கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிறு இருக்கையின் குறுக்கே விழும்படி ஏற வேண்டும். அப்படியே புரண்டு உட்கார்ந்து, கடைசியில் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். முதல் நான்கு முறை படகு என் மேலேயே திரும்பக் கவிழ்ந்தது. கையால் தூக்கிக்கொள்ளப் பார்த்ததுதான் காரணம். கால் உதைதான் ஆளை ஏற்றுகிறது. ஆறாவது முறை ஏறிவிட்டேன். பிறகு பத்து முறை ஏறினேன்.

அதே மாதம் தண்ணீர் நன்றாக வற்றியது. மேற்கு மூலையில் கரிய கட்டைகள் பதினொன்று தலைகாட்டின. கரை கட்டும் முன் நின்ற மரங்களின் அடிகள். அவற்றில் ஒன்றில் என் மஞ்சள் தக்கை தொங்கியது. நோட்டுப் புத்தகத்தில் குளத்தை வரைந்து, ஒவ்வொரு கட்டையையும் கரையிலிருக்கும் மரத்தோடு பொருத்திக் குறித்துக்கொண்டேன். முள் மாட்டும் இடமும் மீன் ஒதுங்கும் இடமும் ஒன்றே என்பதால் அந்தப் பக்கம்தான் இப்போது என் பொக்கிஷம்.

மே: கண்ணாடிக் கெண்டை

மலைக்குளங்களின் மீன் இதுதான். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட இனம். சேற்றைக் கிளறி மேயும் மீன் என்பதால் அது இருக்கும் இடத்தில் சிறு குமிழிகள் வரிசையாக எழும்பும். ஏழாவது கட்டைக்குப் பத்தடி தள்ளி அந்தக் குமிழிகளைப் பார்த்து, வால்பக்கம் நங்கூரம் இறக்கி, மாவு உருண்டை போட்டேன்.

தக்கை அமுங்கவில்லை, மெல்லச் சாய்ந்து படுத்தது. இழுத்ததும் கழி வளைந்தது. அடுத்த கணம் படகின் மூக்கே மீன் போன திசைக்குத் திரும்பியது. இரண்டு கிலோ மீன் ஆளோடு சேர்த்துப் படகைத் திருப்பும் என்பது கரையில் எவருக்கும் தெரியாத செய்தி. ரீலை முழுக்க இறுக்கி வைத்திருந்தால் நரம்பு அறுந்திருக்கும். கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்ததால் நரம்பு சீறிக்கொண்டு வெளியேறியது. கழியை மூக்குப் பக்கம் நீட்டியே வைத்திருந்தேன். மீன் நேர் முன்னால் இழுத்தால் படகு நகரும், அவ்வளவுதான். பக்கவாட்டில் இழுத்தால் சாயும்.

களைத்த மீன் பக்கத்தில் வந்தபோதுதான் ஆபத்து அதிகம். கண் மீனோடு போகும், தலை கண்ணோடு போகும், உடம்பு தலையோடு போகும். இதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே: என் மூக்கு என் மடியைத் தாண்டக் கூடாது. இடக்கையில் கழியைத் தலைக்குப் பின்னால் சாய்த்து, வலக்கையில் வலையைத் தண்ணீருக்குள் முன்பே இறக்கி வைத்து, மீனை வலைக்கு மேல் இழுத்துவர வேண்டும். வலையோடு மீனைத் துரத்தக் கூடாது. மூன்றாவது இழுப்பில் உள்ளே வந்தது.

மடியில் வைத்துப் பார்த்தேன். முதுகோரம் ஒரு வரிசை, வாலருகே சில, செவுளுக்குப் பின்னால் இரண்டு: நகத்தளவு பெரிய செதில்கள், தேய்ந்த பித்தளை நிறம். மற்ற இடமெல்லாம் வெறுந்தோல், ஈரத் தோல்பை போல. உதட்டோரம் பக்கத்துக்கு இரண்டு மீசை, சேறு இன்னும் ஒட்டியிருந்தது. முள்ளை எடுத்து, தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு இறங்கிப்போனது.

ஜூன்

தென்மேற்குக் காற்று வந்துவிட்டது. காலை ஏழு மணிக்கே இலைகள் வெளுக்கின்றன. இரண்டு வாரம் போய்ப் பார்த்துவிட்டுப் படகை இறக்காமலே திரும்பினேன். இரண்டாவது வாரம் அந்தி வரை கரையில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்ப்பக்கம் காட்டுமாடுகள் ஐந்து தண்ணீருக்கு இறங்கின. பெரியவர் என் தோளைத் தொட்டு, பேசாமல் இருக்கச் சொன்னார். அவை குடித்து முடிக்கும் வரை இருவரும் அசையவில்லை.

பின்பக்கக் கப்பியின் கயிறு வெயிலில் பிரியத் தொடங்கியிருக்கிறது. காற்று அடங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும்.